குதிரையில் ஏற்றுமுன் அதன் தலையைப் பாருங்கள்



பாடசாலைச் சுற்றுலாக் காலம் வந்துவிட்டது. இரத்தோட்டையில் பஸ் ஏறினால் மாத்தளை, கண்டி, பேராதனை, நுவரெலியா. அங்கே இறங்கியதும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சேர், குதிரையில போவமா?"

போன முறை கிரகரி வாவிப் பக்கம் நாங்களும் வரிசையில் நின்று பிள்ளைகளை ஏற்றிவிட்டோம். மூன்றாவது பிள்ளை இறங்கும்போதுதான் கவனித்தோம், அந்த மட்டக்குதிரை அடிக்கு அடி தலையை ஆட்டிக்கொண்டு நடந்தது. டான்ஸ் ஆடுது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அது ஆட்டமல்ல, நொண்டல். முன்காலில் வலியுள்ள குதிரை, அந்தக் கால் நிலத்தில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும்.

குதிரைக்காரரிடம் கேட்டோம். "போன மாசம் கால் பிசகினது சேர். இப்ப வீக்கம் வத்திட்டுது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வீக்கம் வற்றித்தான் இருந்தது.

பிரச்சினையே அங்கேதான். முன்காலின் பின்பக்கமாக ஓடும் தசைநாண் கிழிந்தால் வீக்கமும் சூடும் சில வாரங்களில் அடங்கிவிடும். உள்ளே நார்கள் சேர்ந்து பலம் பெற மாதக்கணக்காகும். கிழிசல் பெரிதென்றால் 9 முதல் 12 மாதம்கூடப் போகும். சேர்ந்த பிறகும் அந்த இடம் தழும்புதான், பழைய இழுவை அதற்கு வராது. நொண்டல் நின்ற கிழமையே சேணம் போட்டால் அதே இடத்தில் மறுபடி கிழியும். வலி மாத்திரை கொடுத்து ஓட்டினால் இன்னும் மோசம், குதிரைக்கே தன் வலி தெரியாது. இல்ல விளையாட்டுப் போட்டிக்காக, கணுக்கால் பிசகிய பிள்ளையை இரண்டே கிழமையில் ஓடவிட்ட அனுபவம் எங்களுக்கும் உண்டு. அந்த வருடம் முழுக்க அந்தப் பிள்ளை ஓடவில்லை.

அதற்காக மாதக்கணக்கில் கட்டிப்போடுவதும் மருந்தில்லை. ஆரம்ப நாட்களில் குளிர்ந்த நீர் ஊற்றி ஓய்வு. பிறகு மிருக வைத்தியர் சொன்னபின் கயிற்றைப் பிடித்து, சமமான இறுகிய தரையில் சில நிமிட நடை. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அளவான நடைதான் புதிய நார்களை நேராக அடுக்குகிறது. தினமும் காலையில் இரண்டு கால்களையும் தடவிப் பார்த்து, ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். முதுகில் ஆள் ஏறுவது அதற்கெல்லாம் பிறகு. வேலையில்லாமல் நிற்கும் காலத்தில் தானியத்தையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குளம்பில் வேறு வருத்தம் வரும்.

இதையெல்லாம் அந்த மனிதரிடம் சொல்வது எங்களுக்கு லேசு. ஏப்ரல் சீசனில் நாலு காசு பார்த்தால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். குதிரை நின்றாலும் தீனிச் செலவு நிற்காது. சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1907ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். வதைக்கு அதில் எழுதிவைத்த உச்ச அபராதம் 100 ரூபா. இன்று அதற்கு ஒரு பிளேன்டீயும் வடையும் குடித்துச் சாப்பிடலாம்.

வாய் பேசாத பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளும்படி நபிகளார் (ஸல்) சொன்னதைக் குத்பாவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் அன்று அந்த முதுகில் மூன்று பிள்ளைகளை ஏற்றக் காசு கொடுத்தது நாங்கள்தானே. அந்தக் காசை வேறு மாதிரியும் கொடுக்கலாம் என்பதுதான் எங்கள் யோசனை. தேறிவரும் குதிரைக்குத் தேவையே கயிறு பிடித்த நடை. சவாரிக்குக் கொடுக்கும் அதே காசை, பிள்ளைகள் அதன் பக்கத்தில் பத்து நிமிடம் நடப்பதற்குக் கொடுப்போம். கயிறு குதிரைக்காரர் கையிலேயே இருக்கட்டும். ஓய்வில் நின்ற குதிரை திடீரென்று துள்ளும், அதனால் பிள்ளைகள் பின்பக்கம் போகக்கூடாது. ஏறாத குதிரைக்குக் காசா என்று சில பெற்றோர் கேட்பார்கள். வாவியைச் சுற்றிப் பார்க்கவும் டிக்கட் எடுக்கிறோம், வாவியிலா ஏறுகிறோம்?

இந்த முறை பெற்றோருக்கு அனுப்பும் சுற்றுலாக் கடிதத்தில் "குதிரைச் சவாரி" என்பதை வெட்டிவிட்டு "குதிரையோடு நடை" என்று எழுதப் பார்க்கிறோம். சவாரிதான் வேண்டும் என்பவர்கள் முதலில் குதிரையை இருபது அடி நடக்கவிட்டு, தலை ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள், கடிதம் அடுத்த கிழமைதான் அச்சுக்குப் போகிறது.