பழசைத் திரும்பக் கட்டுகிறவன் வேலையத்தவனா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கும் என் தங்கை மகன் சொன்னான்: "மாமா, கம்பெனியே கைவிட்ட ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் சில பேர் உட்கார்ந்து திரும்ப எழுதிக்கிட்டிருக்காங்க. வேலையத்த கூட்டம். புதுசு வாங்கத் துப்பில்லாதவங்களுக்குத்தான் அது." எல்லோரும் சிரித்தார்கள். விசேஷ வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்று நாளாக மனசு ஆறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவனும் படிக்கட்டும்.

1994-ஆம் வருஷம். எம்.எஸ். டாஸ் இனி தனியாக வராது, எல்லோரும் விண்டோஸுக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜிம் ஹால் என்ற இயற்பியல் மாணவர், தன் படிப்பு வேலையெல்லாம் டாஸில் செய்துகொண்டிருந்தவர், அந்த ஜூன் மாதம் 29-ஆம் தேதி இணையத்தில் ஓர் அறிவிப்புப் போட்டார்: டாஸை நாமே எழுதுவோம், எல்லோருக்கும் பொதுவாக வைப்போம். அதுதான் ஃப்ரீடாஸ்.

அவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பாடம். டாஸ் என்பது ஒரே பாறை இல்லை. அடியில் கெர்னல், அதன் மேல் நாம் தட்டும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் நிரல், அப்புறம் கோப்பை நகலெடுக்க, வட்டைச் சரிபார்க்க என்று தனித்தனிச் சின்ன நிரல்கள். ஜிம் ஹால் சின்ன நிரல்களில் தொடங்கினார். அவை பழைய டாஸின் மேலேயே ஓடின. குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணாமல் ஓட்டை ஒவ்வொன்றாக மாற்றுவோமே, அந்த மாதிரி. டிம் நார்மன் என்பவர் கட்டளை நிரலை எழுதினார். பாட் வில்லானி என்பவர், தான் முன்பே எழுதி வைத்திருந்த கெர்னலைக் கொடுத்தார். 1.0 பதிப்பு வெளிவந்தது 2006 செப்டம்பரில். பன்னிரண்டு வருஷம்! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் காலம்.

"இதனால் யாருக்கு என்ன லாபம் மாமா?" என்பான். சொல்கிறேன்.

1998-ல் நம் பள்ளிக்கு ஒரு பழைய மாணவர் தான் பயன்படுத்திய கணினியைக் கொடுத்தார். ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து அட்மிஷன் ரெஜிஸ்டரில் இருந்த பெயர்களை அதில் ஏற்றினேன். டாஸில் ஓடும் நிரல். பிறகு ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பழைய ரெஜிஸ்டர்களில் பாதி கூழாகிப் போனது. 2015-ல் ஒரு முன்னாள் மாணவி வந்து நின்றாள். அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், டி.சி. தொலைந்துவிட்டது, நகல் எடுக்கச் சேர்க்கை எண் வேண்டும். பிளாப்பியில் என் பட்டியல் பத்திரமாக இருந்தது. ஆனால் பள்ளிக்கு வந்திருந்த 64 பிட் கணினியில் அந்த நிரல் ஓடவில்லை. நான் கையால் அடித்த பெயர்கள், என் கண்ணுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் வராந்தாவில் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த இன்னொரு மாணவன்தான் ஒரு பழைய கணினியைத் தூக்கி வந்து, ஃப்ரீடாஸைப் போட்டு, நிரலை ஓட்டினான். அவள் பெயர், எண், பிறந்த தேதி எல்லாம் திரையில் வந்தன. உலகத்தின் மறுபக்கத்தில் முகம் தெரியாத யாரோ சம்பளமில்லாமல் எழுதியது, நம் ஊர்ப் பெண்ணுக்கு உதவியது. இவர்களையா வேலையத்தவர்கள் என்கிறாய்?

இப்போது என் தவறையும் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக் கணினியில் இருந்த டாஸ் காசு கொடுத்து வாங்கியதில்லை. பிளாப்பியில் நகலெடுத்தது. உங்களில் பலருக்கும் நானே நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் பெஞ்சு மேல் ஏற்றிய அதே வாத்தியார்! ஃப்ரீடாஸ்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. கணக்கின் விடை என்ன வர வேண்டும் என்று தெரியும். வழிமுறையைத் தாங்களே போட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டின் மூலநிரலைப் பார்த்தவர் இதில் கை வைக்கக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டார்கள். விண்டோஸுக்கு இதே வேலையைச் செய்யும் ரியாக்ட்ஓஎஸ் குழுவில், 2006-ல் சில பகுதிகள் நேர்மையாக எழுதப்படவில்லை என்று சந்தேகம் வந்தது. வேலையை நிறுத்திவிட்டுத் தங்கள் நிரலைத் தாங்களே தணிக்கை செய்தார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்திக் குறைத்துப் போடும் மாணவனை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. "அடுத்தவன் செய்ததைப் பார்த்துச் செய்வது" என்று இளக்காரம் பேசுகிறவர்களுக்கு: எம்.எஸ். டாஸே அப்படிப் பிறந்ததுதான். சியாட்டிலில் டிம் பாட்டர்சன் 1980-ல் எழுதிய நிரலை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கியது. அவர் அதை எழுதியது, அப்போது பிரபலமாக இருந்த சி.பி.எம். என்ற சிஸ்டத்தின் நடைமுறையை ஒட்டி! பெரிய கம்பெனி செய்தால் வியாபாரம், சாதாரண மனிதன் செய்தால் பைத்தியமா?

தங்கை மகன் சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு. ரியாக்ட்ஓஎஸ் 1996-ல் தொடங்கிய முயற்சி. இன்னும் ஆல்ஃபா நிலையில்தான் இருக்கிறது. டாஸ் நின்றுபோன வண்டி, அதைப் பார்த்து வரைவது எளிது. விண்டோஸ் ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி. எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்ட்டும் 2018-ல் டாஸின் பழைய பதிப்புகள் இரண்டின் மூலநிரலை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது, 2024-ல் 4.00 பதிப்பையும். நல்ல காரியம். ஆனால் ஃப்ரீடாஸ் 1.0 வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து! உரிமையாளர் மனமிரங்கும் வரை அந்தப் பெண் வராந்தாவில் காத்திருக்க முடியுமா?

என் வாதம் இவ்வளவுதான். ஒரு பொருளை விற்றவர் அதைக் கைவிடலாம், அது அவர் உரிமை. ஆனால் அதை நம்பி நாம் எழுதி வைத்த கணக்கும் பெயரும் பிறந்த தேதியும் நம்முடையவை. கதவின் சாவி ஒரே ஒரு கம்பெனியிடம் இருந்தால், அவர்கள் கடையைச் சாத்தும் நாளில் நம் வீடும் பூட்டப்படும்.

சாஃப்ட்வேர் துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, நூற்றுக்கு மேல் இருக்கிறீர்கள். வருஷத்தில் பத்து நாளாவது இப்படி ஒரு பொதுவேலைக்குக் கொடுங்கள். ஒரு சின்ன நிரலில் தொடங்கினால் போதும். மற்றவர்கள், குறைந்தபட்சம் சிரிக்காமல் இருங்கள்.

மாப்பிள்ளை, உன் பதிலைக் கீழே எழுது. மாமா கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் "வேலையத்தவங்க" என்ற வார்த்தையை முதலில் வாபஸ் வாங்கு.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்