தியத்தலாவைக் கைதிகள்

பதுளைக்குப் புகைவண்டியேறும் மாணவர்கள் தியத்தலாவையை அறிவார்கள். 1900 ஆகஸ்டு முதல், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் வீரர் ஏறத்தாழ 5,000 பேர் இம்மலையில் சிறையிருந்தனர். காவல் நின்றோருள் குளொஸ்டர்ஷயர் படையினர் இருந்தனர். லேடிஸ்மித் நகரில் போயர்களின் 118 நாள் முற்றுகைக்குள் பசியும் நோயுமாகக் கிடந்து மீண்ட அதே படை! பழிதீர்க்க இதனினும் வாய்ப்பு வேண்டுமோ? ஆயினும் கைதிகள் மரத்தில் சிற்பம் செதுக்கினர், பந்தாடினர், 1901 ஜூலையில் அவர்தம் அணியொன்று கொழும்புக்கே சென்று கிரிக்கெட் ஆடியது. நாம் இதைப் போற்றவே விரும்புகிறோம். ஆனால் அப்போர்க்காலத்தில், போயர்களின் பெண்டிரும் பிள்ளைகளுமாக 26,000 பேருக்கு மேல் தென்னாபிரிக்க முகாம்களில் மடிந்தனர். துப்பாக்கி ஏந்தியவர்க்குக் கிட்டிய இரக்கம் இவர்களுக்குக் கிட்டவில்லை. தியத்தலாவையிலும் காய்ச்சலால் மாண்ட கைதிகள் உண்டு. அவர்களை ஊவா மண்ணிலேயே அடக்கம் செய்தனர்.