பாட்டாளிக்கு ஒரே ஒரு வாக்கு

மன்னனை விரட்டிவிட்டால் குடியரசு வந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. மணிமுடி இல்லை, செங்கோல் இல்லை, அரியணை இல்லை. ஆகவே ஆட்சி மக்களுடையது! எவ்வளவு எளிதான கணக்கு! இந்தக் கணக்கைப் போட்டு ஊரை நம்பவைத்தவர்கள் ரோமாபுரிச் சீமான்கள்.

டார்க்வின் என்ற கடைசி மன்னனை அவர்கள் துரத்தியது கி.மு. 509-ல் என்று மரபு கூறும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிந்ததும் இருவரும் இறங்கிவிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. அந்த ஆட்சிக்கு அவர்கள் சூட்டிய பெயரும் நல்ல பெயர்: 'ரெஸ் பப்ளிகா', அதாவது பொதுச் சொத்து. ஆங்கிலேயனின் 'ரிபப்ளிக்' அதிலிருந்து வந்ததுதான்.

சொத்து பொது, சரி. சாவி யாரிடம் இருந்தது?

கான்சலைத் தேர்ந்தெடுத்த சபையில் 193 பிரிவுகள். ஆளுக்கு ஒரு வாக்கு அல்ல தோழர்களே, பிரிவுக்கு ஒரு வாக்கு! குதிரைப்படைச் செல்வர்களுக்கு 18 பிரிவு. சொத்துக் கணக்கில் முதல் வகுப்பாருக்கு 80. கூட்டிப் பாருங்கள்: 98. பாதிக்கு மேல்! வாக்கெடுப்பு மேலிருந்து கீழே இறங்கி வரும். பெரும்பான்மை சேர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். சீமான்கள் தமக்குள் ஒத்துப்போய்விட்டால், வெயிலில் காத்து நின்ற ஏழை வாயைத் திறக்காமலே வீடு திரும்ப வேண்டியதுதான். தச்சருக்கும் கொல்லருக்கும் சேர்த்து இரண்டு பிரிவு கொடுத்திருந்தார்கள். சொத்தே இல்லாதவர்களுக்கோ, எத்தனை ஆயிரம் பேரானாலும் ஒரே பிரிவு, ஒரே வாக்கு, அதுவும் கடைசியில். அவர்களுக்கு இட்ட பெயர் 'புரோலிட்டாரி'. நாட்டுக்குத் தர இவனிடம் பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அதன் பொருள். பாட்டாளி வர்க்கத்தை இன்று உலகம் அழைக்கும் பெயர் அந்த ஏளனத்தில் பிறந்தது! பின்னாளில் முதல் வகுப்பின் 80-ஐ 70 ஆகக் குறைத்தார்கள். கடைசியில் நின்ற ஒன்று, ஒன்றாகவே நின்றது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த ஒன்றிலும் பங்கில்லை.

ரோமாபுரியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நமது சென்னை மாகாணத்தில் 1920-ல் நடந்த தேர்தலிலும் சொத்தும் வரியும் பார்த்துத்தான் வாக்கு. வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்று நாம் சாவடிக்குப் போனது 1951-52-ல்தான்.

சரி, அந்த ஏழைகள் கைகட்டி நின்றார்களா? இல்லை. மன்னனைத் துரத்தி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. போர்க்களத்தில் ரத்தம் சிந்தியவன் வீடு திரும்பினால் கடன்காரன் வாசலில் நிற்பான். கடனைக் கட்ட முடியாதவனை விலங்கிட்டு இழுத்துப் போகலாம் என்பது அன்றைய சட்டம். மன்னன் காலத்து விலங்கு, குடியரசு காலத்திலும் அதே விலங்கு! கி.மு. 494-ல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கலகம் இல்லை, தீவைப்பு இல்லை. ஆயுதம் தாங்கவேண்டிய அத்தனை பேரும் நகரைவிட்டு வெளியேறி, புனித மலை என்ற குன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லையில் பகைவர், நகரத்தில் போருக்குப் போக ஆளில்லை. வேலைநிறுத்தம் என்ற சொல் பிறக்காத காலத்தில் நடந்த வேலைநிறுத்தம் அது!

பிரபுக்கள் அனுப்பிய சமாதானத் தூதர் மெனினியஸ் அக்ரிப்பா. அவர் சொன்னது ஒரு கதை. கை, வாய், பல் எல்லாம் வயிற்றோடு கோபித்துக்கொண்டு வேலை செய்ய மறுத்தனவாம். கடைசியில் உடம்பு முழுதும் வாடிப்போயிற்றாம். பிரபுக்கள்தான் வயிறு என்பது கதையின் கருத்து. ஆலை முதலாளிகள் இன்றும் போனஸ் பேச்சுவார்த்தையில் இதே கதையை வேறு உடையில் சொல்வதைத் தொழிற்சங்கத் தோழர்கள் கேட்டிருப்பார்கள். கதையில் மயங்கி மக்கள் இறங்கி வந்தார்கள் என்பதுபோல எழுதிவைத்திருக்கிறார் லிவி. கதையை மட்டும் வாங்கிக்கொண்டு அவர்கள் இறங்கவில்லை! டிரிபியூன் என்ற பதவியை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

டிரிபியூன் யார்? ஏழைகள் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்த காவலன். அவன் மேல் கை வைப்பவன் உயிர் தப்ப முடியாது. அவன் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்கவேண்டும். 'வீட்டோ', தடுக்கிறேன், என்று அவன் ஒரு சொல் சொன்னால் கான்சலின் கட்டளையும் நின்றுவிடும். இன்னொரு முறை ஏழைகள் வெளியேறி ஜானிகுலம் குன்றில் ஏறியபோதுதான், கி.மு. 287-ல், அவர்கள் சபையின் தீர்மானம் பிரபுக்களையும் கட்டுப்படுத்தும் என்று சட்டம் வந்தது. இரண்டு உரிமையும் குன்றின் மேல் கிடைத்தவை; செனட் மண்டபத்தில் யாரும் தானமாகத் தந்தவை அல்ல.

ஆனாலும் வாக்கை வாய்விட்டுச் சொல்லவேண்டிய முறை நீடித்தது. நிலம் கொடுத்தவன், கடன் கொடுத்தவன் எதிரே நிற்கும்போது எவன் வாய்விட்டு மாற்றிச் சொல்வான்? கி.மு. 139-ல் தேர்தலுக்கு இரகசிய வாக்கு வந்தது. மெழுகு பூசிய பலகையில் எழுதி, ஒரு சிறு பாலத்தின் மேல் ஏறிப்போய்ப் பெட்டியில் இடவேண்டும். சீமானின் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பாலத்திலேயே வந்து நின்றுகொண்டு பலகையை எட்டிப் பார்த்தார்கள்! சாவடி ஏஜெண்டாக உட்கார்ந்த தோழர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கி.மு. 119-ல் மேரியஸ் என்ற டிரிபியூன் பாலத்தை ஒடுக்கமாக்க ஒரு சட்டம் கொண்டுவந்தான், எட்டிப்பார்ப்பவன் நிற்க இடம் இருக்கக்கூடாது என்று. செனட் சீறியது. அழைத்து மிரட்டியது. 'உங்களையே சிறைக்கு அனுப்புவேன்' என்று கான்சலிடமே சொல்லிச் சட்டத்தை நிறைவேற்றினான் அவன். ஒரு பாலத்தின் அகலத்துக்காக அத்தனை பெரிய சண்டை! எங்கே அடித்தால் தமக்கு வலிக்கும் என்பது சீமான்களுக்குத் தெரிந்திருந்தது.

சிசரோவுக்கும் தெரிந்திருந்தது. குடியரசு மக்களின் சொத்து என்று இலக்கணம் வகுத்தவர் அந்த மேதைதான். அவரே இன்னொரு நூலில் சொல்லும் யோசனை: ஏழையிடம் வாக்குப் பலகை இருக்கட்டும், ஆனால் பெரிய மனிதர்களிடம் காட்டிவிட்டுப் போடட்டும்! மேதைகளின் இலக்கணத்தைப் படிக்கும்போது அதன் அடிக்குறிப்பையும் படிப்பது நல்லது.

கிராக்கஸ் சகோதரர்களைத் தோழர்கள் அறிவார்கள். பொதுநிலத்தைப் பெருஞ்செல்வர் அளவுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்றதற்காக மூத்தவர் டைபீரியஸை, டிரிபியூன் என்றும் பாராமல், கி.மு. 133-ல் தடியாலும் உடைந்த பெஞ்சுகளாலும் அடித்துக் கொன்றார்கள். தம்பி காயஸ் மடிந்தது கி.மு. 121-ல். அன்றே குடியரசின் உயிர் ஊசலாடத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு படைத்தலைவர்களின் காலம்.

இறுதியில் வென்ற ஆகஸ்டஸ் மகா கெட்டிக்காரன். முடி சூடவில்லை. கி.மு. 27-ல், குடியரசைச் செனட்டிடமும் மக்களிடமும் திருப்பித் தந்துவிட்டேன் என்றான். கான்சல்கள் இருந்தார்கள், செனட் கூடியது, தேர்தலும் நடந்தது. படை மட்டும் அவனிடம். கி.மு. 23-ல் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டான்: டிரிபியூன் அதிகாரம்! கடனாளிகள் குன்றில் பசியோடு உட்கார்ந்து பெற்ற கேடயம், மன்னனின் மார்புக்கவசமாயிற்று. அவனும் அவனுக்குப் பின் வந்தவர்களும் தம் ஆட்சியாண்டுகளை அந்த அதிகாரத்தைக் கொண்டே எண்ணினார்கள்.

மக்கள் வாக்களிக்க மார்ஸ் மைதானத்தில் 'செப்டா' என்ற பிரம்மாண்டமான பளிங்கு மண்டபம் கட்டி, கி.மு. 26-ல் திறந்துவைத்தார்கள். பட்டிக் கட்டைகளின் நடுவே வரிசையில் நின்றவனுக்குப் பளிங்கு நிழல்! கி.பி. 14-ல் ஆகஸ்டஸ் இறந்தான். அடுத்து வந்த டைபீரியஸ் தேர்தலை மைதானத்திலிருந்து செனட்டுக்கு மாற்றினான். மக்கள் வெறும் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார்கள் என்று எழுதுகிறார் டாசிட்டஸ். எந்தக் குன்றிலும் யாரும் ஏறவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த மண்டபம் கடைவீதியாகிவிட்டிருந்தது. வாக்காளன் வரிசையில் நின்ற இடத்தில் தந்தச் சாமான்களும் அடிமைகளும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.