பிள்ளை பெறுகிறவளுக்கு அடியா?

தோழர்களே, இடுப்பு வலியில் துடிக்கும் பெண்ணைத் தொடையில் அடிக்கிறார்கள். "வாயை மூடடி" என்று அதட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "பிள்ளையைக் காப்பாற்றத்தான்" என்கிறார்கள்!

இது நாம் கட்டிய கதையல்ல. நைஜீரியாவில், தலைநகர் அபுஜா வட்டாரத்தில், ஆராய்ச்சிக்காரர்களிடம் டாக்டர்களும் நர்சுகளும் சொன்ன சமாதானம். முக்கும் நேரத்தில் அவள் சொன்னபடி கேட்காவிட்டால் குழந்தை செத்துப்போகும், ஆகவே அடித்தாலும் தப்பில்லை என்றார்கள் பலர். பெண்களிலும் சிலர் அதை ஆமோதித்தார்கள். அதுதான் கொடுமை.

இந்த நியாயத்தைச் சற்று உரைத்துப் பார்ப்போம். கானா, கினி, மியான்மர், நைஜீரியா ஆகிய நாடுகளில் உலக சுகாதார ஸ்தாபனம் நடத்திய ஆய்வு 2019ல் வெளிவந்தது. பிரசவத்தின்போது கூடவே இருந்து கவனிக்கப்பட்ட பெண்கள் 2,016 பேர். அவர்களில் 838 பேர் அடியோ வசவோ இழிவோ பட்டார்கள். 253 பேருக்குப் பிறப்பு வாயை அறுத்தார்கள்; 190 பேரிடம் சம்மதம் கேட்கவேயில்லை. அதிகம் அவதிப்பட்டது யார்? வயதில் சிறியவர்கள், எழுத்தறியாதவர்கள். ஏன், படித்தவள் வயிற்றில் இருப்பது பிள்ளையில்லையா? எதிர்த்துக் கேட்கமாட்டாள் என்று தெரிந்த இடத்தில்தான் கை ஓங்குகிறது!

1940களில் கீழத்தஞ்சைப் பண்ணைகளில் சாட்டையால் அடித்துச் சாணிப்பால் புகட்டிய மிராசுதாரும், அடிக்காவிட்டால் வேலை நடக்காது என்றுதான் சொன்னான்.

நர்சு நமக்கு எதிரியல்ல. ஆள் பற்றாமல், கால்கடுக்க நின்று மாயும் உழைப்பாளி அவள். ஆளும் கட்டிலும் கூட்டித் தராத சர்க்காரின் குற்றமே பெரிது. அதை அவளோடு சேர்ந்து நின்று கேட்போம். ஆனால் மேலே உள்ளவனிடம் காட்ட முடியாத கோபத்தைக் கட்டிலில் கிடப்பவளிடம் காட்டுவதை ஒப்பமாட்டோம்.

தூரதேசத்துச் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். பிரசவ அறையில் திட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, மறைப்பு வேண்டும், துணைக்கு ஒருத்தியை விடவேண்டும் என்று நமது மத்திய சர்க்காரே 2017ல் 'லக்ஷ்யா' திட்டத்தில் எழுதி வைத்தது. நடக்காததையா தடுக்க எழுதினார்கள்? அவள் விரும்பும் துணை வேண்டும், வயிற்றை அமுக்கித் தள்ளக்கூடாது, வழக்கமென்று எல்லோரையும் அறுக்கக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனமும் 2018ல் சொல்லிவிட்டது.

ஆகவே, வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகும்போது, தாயோ மாமியாரோ கூட இருப்பாள் என்று முதலிலேயே சொல்லுங்கள். மறுத்தால், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்கத் தயக்கமானால் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போங்கள்.