கடலில் விளையும் கோந்து: பலன் யாருக்கு?

மாலையில் குழந்தை ஐஸ்கிரீம் கேட்கிறது. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது, பளபளவென்று துண்டு போட்ட 'கடல்பாசி' தட்டில் இருக்கிறது. பல் வைத்தியர் ஒரு மாவைக் குழைத்து நம் பல்லுக்கு அச்சு எடுக்கிறார். இவற்றுக்குள் ஓர் உறவு உண்டு. எல்லாவற்றிலும் கடல் பாசியின் பசை சேருகிறது.

முருங்கை மரத்திலும் வேப்ப மரத்திலும் கோந்து வடிவதைப் பார்த்திருக்கிறோம். பாசியின் கோந்து அப்படி வடியாது. அதன் உடலுக்குள்ளேயே இருக்கும். சில பாசிகளை வெந்நீரில் வேகவைத்தால் கோந்து கரைந்து வெளியே வரும். வடிகட்டி ஆறவைத்தால் உறைந்துவிடும்.

மூன்று பசைகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் விளைகின்றன. இவை தருவது 'அகார்'. கடையில் நாம் வாங்கும் 'சைனா கிராஸ்' இதுதான். கட்டக்கோரைப் பாசி தருவது 'ஆல்ஜினேட்'. பல் அச்சுக்கும், துணியில் சாயம் அச்சடிக்கவும் இது உதவுகிறது. மூன்றாவது 'காராஜீனன்'. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் இதைச் சேர்க்கிறார்கள்.

வைத்திய உலகுக்கும் அகார் பெரிய உதவி செய்தது. 1881ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிச் சாலையில், கிருமி வளர்க்க வைத்த ஜெலட்டின் சூட்டில் இளகி வீணாகி வந்தது. அங்கு வேலை செய்த டாக்டர் ஹெஸ்ஸியின் மனைவி ஃபானி, தாம் சமையலில் உபயோகித்த அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது இளகவில்லை! ஆஸ்பத்திரிகளில் இன்றும் கிருமியைக் கண்டறிய அகார்தான் உதவுகிறது.

மூச்சடக்கும் பெண்கள்

இந்தப் பாசியை எடுப்பவர்கள் யார்? பாம்பன், ராமேசுவரம் பக்கத்து மீனவப் பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்குகிறார்கள். பாறையில் கை கிழிபடுவதும் உண்டு.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ல் தேசியப் பூங்கா ஆயின. அங்கே பாசி எடுக்கத் தடை வந்தது. தலைமுறையாகச் செய்த தொழில் ஒரே நாளில் குற்றம் ஆகிவிட்டது. அந்தப் பெண்களோ, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி மீண்டும் வளர வேண்டும் அல்லவா?

புதிய திட்டம்

கடலில் பாசி பயிரிடுவதும் இப்போது நடக்கிறது. மூங்கில் மிதவையில் 'கப்பாஃபைகஸ்' என்ற பாசியைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. தமிழ்நாட்டில் பாசிப் பூங்கா அமைப்பதாக 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. 2023ல் ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 127 கோடி ரூபாய்.

நல்ல திட்டம்தான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, கப்பாஃபைகஸ் நம் கடலின் பாசி அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்தது. குருசடைத் தீவருகே அது பவளப் பாறைகளை மூடிப் படர்ந்ததை 2008ல் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள். பவளம் செத்தால் மீன் போகும். மீன் போனால் மீனவர் அடுப்பு எரியாது. ஆகவே மிதவைகளைத் தீவுகளுக்குத் தூரத்தில் வைக்க வேண்டும். நம் ஊர்ப் பாசிகளையும் பயிரிட வேண்டும்.

இரண்டாவது, விலை. காய்ந்த பாசி மலிவு. அதிலிருந்து எடுத்த பசைக்கோ நல்ல விலை. பாசியை மூட்டை கட்டி விற்பதோடு பெண்கள் நின்றுவிட்டால், லாபம் வேறு கைக்குப் போய்விடும். பசை எடுக்கும் தொழிலிலும் அவர்களுடைய குழுக்களுக்குப் பங்கு வேண்டும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். நிலத்தில் பார்த்த அந்தக் கணக்கு கடலிலும் தொடரக்கூடாது!