ராணி வேஷம் யாருக்கு?



ஆண்டு விழா நாடகத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படியுங்க.

போன வருஷ ராமாயண நாடகத்தில் கூனி முதுகில் தலையணை கட்டிக்கிட்டு மேடைக்கு வந்ததுமே ஒரே சிரிப்பு. அவள் இன்னும் வாயே திறக்கலை! விஜய் டிவியில் 2013-இல் வந்த மகாபாரதத்தில் சகுனி நொண்டித்தான் நடப்பார். முதுகு வளைஞ்சிருந்தா, கால் நொண்டினா, மனசும் கோணல்தான்னு பார்க்கிறவங்க தானாவே முடிவு பண்ணிடறாங்க.

இது டிவி வந்து ஆரம்பிச்சதும் இல்லை. சுமார் 300 வருஷத்துக்கு முன்னாடியே தமிழில் நொண்டி நாடகம் என்று ஒரு வகை இருந்ததாம், தமிழம்மா சொன்னாங்க. குதிரை திருடி மாட்டிக்கிட்டவனுக்குக் காலை வெட்டிடுவாங்க. அவன் நொண்டிக்கிட்டே தன் கதையைப் பாடுவான். கடைசியில் சாமியைக் கும்பிட்டதும் கால் திரும்ப வளர்ந்துடும். கால் போனது தண்டனை, வந்தது மன்னிப்பு! அப்போ பிறக்கும்போதே கால் சரியில்லாத குழந்தை எந்தக் குதிரையைத் திருடிச்சு?

சினிமாவில் கெட்டவராகக் காட்டலைன்னா நம்மை அழ வைப்பாங்க. மூன்றாம் பிறை (1982) படத்தில் ஸ்ரீதேவிக்குக் கடைசியில் குணமாகிடும். அஞ்சலி (1990) படத்தில் பாப்பா இறந்துடும். எங்க அம்மா அதை எத்தனை தடவை போட்டாலும் அழுவாங்க. குணமும் ஆகாமல், சாகவும் செய்யாமல், சும்மா வாழ்கிறவங்க எங்கே போனாங்க? நம்ம வேளச்சேரியிலேயே மூணு சக்கர ஸ்கூட்டரில் கடைக்கு வந்து, வாடிக்கையாளரோடு சண்டை போட்டு, சாயங்காலம் பஜ்ஜி வாங்கிச் சாப்பிடற அண்ணன்கள் இருக்காங்களே! மொழி (2007) படத்தில் ஜோதிகாதான் கொஞ்சம் அப்படி. காது கேட்காது, பேச முடியாது, ஆனால் கோபம் பொசுக்குனு வரும். எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். ஆனாலும் நடிச்சவங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"நடிப்புன்னா இல்லாததை இருக்கிற மாதிரி காட்டறதுதானே?" என்று என் தோழி கேட்டாள். சரிதான். கால் இருக்கிறவர் கால் இல்லாதவராக நடிக்கலாம். அதே மாதிரி கால் இல்லாதவரை ராணியாகவோ கலெக்டராகவோ நடிக்கக் கூப்பிடறோமா? கதவு ஒரு பக்கம் மட்டும்தானே திறக்குது!

திறந்தும் இருக்கு. சுதா சந்திரன் 1981-இல் திருச்சி பக்கம் நடந்த விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கிட்டு மறுபடி பரதநாட்டியம் ஆடினார். அவர் கதையையே 1985-இல் மயூரி என்று தெலுங்கில் படமாக எடுத்தாங்க, அவரே நடிச்சு தேசிய விருதும் வாங்கினார். இதை எல்லாரும் பெருமையாகச் சொல்லுவாங்க. எனக்கு அதைவிடப் பெருசாகத் தெரியறது, அப்புறம் அவர் தெய்வம் தந்த வீடு தொடரில் மாமியாராக வந்ததுதான். அது காலைப் பற்றிய கதையே இல்லை! பாட்டி தினமும் பார்த்து அந்த மாமியாரைத் திட்டினாங்களாம். நான் சொல்லித்தான் கால் விஷயமே அவங்களுக்குத் தெரியும்.

2025-இல் வந்த சிதாரே ஜமீன் பர் இந்திப் படத்திலும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 10 பேர் அவங்களாகவே நடிச்சிருக்காங்க.

இப்போ நம்ம பள்ளிக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் காலிப்பர் போட்ட அக்கா ஒருத்தங்க இருக்காங்க. இலக்கிய மன்றத்தில் அவங்க பேசினா கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். ஆனால் மூணு வருஷமாக அவங்களுக்குத் திரை இழுக்கிற வேலைதான். பாவம் என்று நினைச்சு யாரும் வேஷம் கேட்கறதே இல்லை. இந்த வருஷம் நாடகத்தில் வேலுநாச்சியார் வேஷம் இருக்கு. அந்தக் குரல் வேற யாருக்கு இருக்கு?

மேடைக்கு மூணு படி. ஒரு சாய்வுப் பலகை போட்டால் போதும். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி பழைய பெஞ்சுப் பலகை ரெண்டு சும்மா கிடக்குது, நான் பார்த்தேன். பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அக்காகிட்ட நான் கேட்டுட்டேன், சம்மதம்னு சொல்லிட்டாங்க.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி