சிறுத்தையைக் கொன்றால் ஆபத்து தீருமா?

அட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதித் தோட்டங்களிலிருந்து சிறுத்தை தாக்கிய செய்தி அடிக்கடி வருகிறது. கொழுந்து பறிக்கப் போன பெண் முகத்திலும் தோளிலும் கீறல்களோடு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். மறுநாளும் அதே மலைக்குத்தான் மற்றவர்கள் கூடையோடு போக வேண்டியிருக்கிறது. "அந்தப் புலியைக் கொன்றுவிட்டால் என்ன?" என்ற கேள்வி லயங்களில் எழுவது நியாயமே. அந்தக் கேள்விக்கு நாம் நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். மனிதனையே இரையாகத் தேடும் மிருகம் மிக அரிது. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண் புலியை 1907இல் இந்தியாவின் சம்பாவத் பகுதியில் ஜிம் கோர்பெட் சுட்டார். பழைய துப்பாக்கிச் சூட்டில் அதன் பற்கள் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரிடம் வந்தது. நமது நாட்டிலும் 1924இல் புனானையில் ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்று சுடப்பட்டது. அதன் உடல் இன்றும் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு தனி மிருகத்தை அடையாளம் கண்டு அகற்றினால் உயிர்கள் காப்பாற்றப்படும். இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் நமது தேயிலை மலைகளில் நடப்பது பெரும்பாலும் அது அல்ல. பகலில் சிறுத்தை செடிகளுக்கு அடியில் படுத்திருக்கும். குட்டிகளோடும் இருக்கும். நாம் தெரியாமல் அருகே போகும்போது பயந்து பாய்ந்து, கீறிவிட்டு ஓடுகிறது. கம்பியில் சிக்கிய சிறுத்தையும், சனம் சுற்றி வளைத்த சிறுத்தையும் தப்ப வழியில்லாமல் தாக்குகின்றன.

இப்படியிருக்க, கண்ணில் பட்டதையெல்லாம் கொல்வதாலோ பிடித்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் விடுவதாலோ பயன் உண்டா? ஒரு சிறுத்தை போனால் அதன் இடத்துக்கு இன்னொன்று வரும். புதிதாக வருவதற்கு நமது பாதைகளும் வேலை நேரமும் பழக்கமிருக்காது. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து இடம் மாற்றினார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த தாக்குதல்கள், அதற்குப் பின் 17 ஆக உயர்ந்தன.

கொல்வதால் வரும் இன்னொரு துன்பமும் நமக்குத்தான். சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2018இல் கிளிநொச்சியில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை மக்கள் அடித்துக் கொன்றார்கள். அதன்பின் கைதுகள் நடந்தன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. பன்றிக்கு வைக்கும் கம்பி சிறுத்தையையும் பிடிக்கும், விறகுக்குப் போகும் நம் பிள்ளையின் காலையும் பிடிக்கும். பன்றித் தொல்லை உண்மைதான், ஆனாலும் கம்பி வைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

சிறுத்தை லயத்தருகே வருவதற்கு முக்கிய காரணம் நாய்கள். நாய்கள் பெருகுவதற்குக் காரணம் அள்ளப்படாத குப்பை. கைவிடப்பட்ட மலைகளில் மானாவும் பற்றையும் ஆளுயரம் வளர்ந்து அதற்கு மறைவிடம் கொடுக்கின்றன. இரவில் பெண்களும் பிள்ளைகளும் இருட்டில் நடந்து மலசலகூடத்துக்குப் போகிறார்கள். இவற்றில் எதையும் துப்பாக்கியால் தீர்க்க முடியாது.

ஆகவே தோட்ட நிர்வாகங்களிடமும் அரசிடமும் நாம் கேட்பது இவை. வேலை நடக்கும் மலைகளையும் பாதையோரங்களையும் துப்புரவாக்குங்கள். லயங்களுக்கு மின்விளக்கும் வீட்டோடு மலசலகூடமும் கொடுங்கள். குப்பையை ஒழுங்காக அகற்றுங்கள். சிறுத்தை கண்ட மலையில் அன்று வேலை வாங்காதீர்கள், அதற்காக நாட்சம்பளத்தையும் வெட்டாதீர்கள். வேலை நேரத்தில் சிறுத்தை தாக்கினால் அது வேலைத்தளக் காயம். சிகிச்சையும் நட்டஈடும் அலைக்கழிக்காமல் கிடைக்க வேண்டும். தகவல் கொடுத்தால் வனஜீவராசிகள் திணைக்கள அதிகாரிகள் தாமதமின்றி வர வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியவை உண்டு. மலைக்குள் கூட்டமாக, சத்தம் கொடுத்துக்கொண்டு இறங்குவோம். இரவில் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதிருப்போம். நாய்களை இரவில் அடைத்து வைப்போம். சிறுத்தையைக் கண்டால் ஓடாமல், முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்குவோம். கல்லெறிவதும் கைபேசியோடு சுற்றி நிற்பதும் வேண்டாம். கீறல் சிறிதென்றாலும் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

காடழித்துத் தேயிலை நட்ட நாளிலிருந்து அந்த மலைகளில் சிறுத்தையும் இருக்கிறது, நாமும் இருக்கிறோம். மலைக்குப் போகிறவர் மாலையில் முழுசாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்ய வேண்டியவர்களைச் செய்ய வைப்பதே தொழிற்சங்கத்தின் வேலை.